டெல்டிக் விருந்தாளியாக வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் நீராவி ரயில் ஓடும் பழைய பாதைகளுக்கு வருடத்தில் சில நாள் வேறு ஊர் ஷெட்டிலிருந்து ஒரு டீசல் லோகோ வந்து ஓடிவிட்டுப் போகும். அந்த நாட்களில் நான் வீட்டில் இருக்கமாட்டேன். என்னோடு வரும் நண்பர்களும் உறவினர்களும் வண்டியில் ஏறியதிலிருந்து கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். விருந்தாளிகளில் நான் அதிகம் துரத்திப்போன லோகோ டெல்டிக். பதில்களும் அதைப் பற்றியே இருக்கும்.

முதலில் ஒரு சிறு ஏற்பாடு. நம் பேச்சில் தண்டவாளத்தில் ஓடும் முழு வண்டியும் 'என்ஜின்', அதன் வயிற்றுக்குள் டீசல் குடிக்கும் இயந்திரமும் 'என்ஜின்'. இந்தப் பக்கத்தில் முழு வண்டியை லோகோ என்றும், உள்ளே இருப்பதை என்ஜின் என்றும் சொல்கிறேன். டெல்டிக்கில் ஒரு லோகோவுக்குள் இரண்டு என்ஜின் என்பதால் இது இல்லாமல் குழம்பிவிடும்.

பாரம்பரிய ரயில்பாதை என்றால் என்ன? அரசாங்க ரயிலா?

இல்லை. 1960-களில் பிரிட்டிஷ் ரயில்வே நஷ்டக் கணக்குக் காட்டி நூற்றுக்கணக்கான கிளைப்பாதைகளை மூடியது. அவற்றில் சிலவற்றை உள்ளூர் ஆர்வலர்கள் சங்கம் சேர்த்து, பங்கு விற்று, வாங்கி மறுபடி ஓட்டினார்கள். டிக்கெட் கொடுப்பவரிலிருந்து சிக்னல் இழுப்பவர் வரை பெரும்பாலோர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். கிடர்மின்ஸ்டருக்கும் பிரிட்ஜ்நார்த்துக்கும் இடையே 16 மைல் ஓடும் செவர்ன் பள்ளத்தாக்குப் பாதை, பிக்கரிங்கிலிருந்து குரோஸ்மண்ட் வரை 18 மைல் போகும் வடக்கு யார்க்‌ஷயர் மூர்ஸ் பாதை, லஃப்பரோவில் இரட்டைத் தண்டவாளத்தோடு இருக்கும் கிரேட் சென்ட்ரல் பாதை ஆகியவை இவற்றில் பெரியவை. எல்லாவற்றுக்கும் சோறு போடுவது நீராவி லோகோதான். டீசலுக்கென்று தனியாகச் சில நாட்கள் ஒதுக்குவார்கள். 'டீசல் காலா' என்று பெயர். திருவிழா என்றே வைத்துக்கொள்ளலாம்.

டெல்டிக் அப்படி என்ன பெரிய லோகோ?

1950-களின் கடைசியில் லண்டனிலிருந்து எடின்பரோ போகும் கிழக்குக் கடற்கரைப் பாதையை மின்மயமாக்கும் திட்டம் தள்ளிப்போனது. நீராவியை விட்டு வெளியே வரவேண்டும், ஆனால் அன்றைய டீசல் லோகோக்கள் 2000 குதிரைத்திறனைச் சுற்றியே நின்றன. அவை நீராவியைவிடப் பெரிதாக வேகம் காட்டப்போவதில்லை. அப்போது பிரிட்டிஷ் ரயில்வேயின் கிழக்குப் பிராந்தியத்தில் அதிகாரியாக இருந்த ஜெரார்டு ஃபியன்னஸ், அப்படிப்பட்ட லோகோ எனக்கு வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார். அவர் கண்ணில் பட்டிருந்தது இங்கிலிஷ் எலக்ட்ரிக் கம்பெனி தன் சொந்தச் செலவில் 1955-இல் கட்டிய ஒரு சோதனை லோகோ. வெளிர்நீல உடம்பு, பக்கவாட்டில் 'டெல்டிக்' என்று பெரிய எழுத்து, 3300 குதிரைத்திறன்.

அதை அடிப்படையாக வைத்து 1961-62-இல் 22 லோகோக்கள் வந்தன. ஒவ்வொன்றும் 99 டன், 21 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், வேகம் மணிக்கு 100 மைல். இந்த 22 பேர் சேர்ந்து 55 நீராவி லோகோக்களின் வேலையைச் செய்தார்கள். 1962 கோடையில் லண்டன்-எடின்பரோ 393 மைலை ஆறு மணி நேரத்தில் முடித்தார்கள். 1970-களின் கடைசி வரை அந்தப் பாதையில் வேறு யாரும் அவர்கள் பக்கத்தில் வரவில்லை.

உள்ளே இருப்பது முக்கோண என்ஜின் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நீளமாகத்தான் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் ரயிலுக்காகப் பிறந்தது இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையின் வேகப்படகுகள் பெட்ரோலில் ஓடின. குண்டு பட்டால் படகே தீப்பந்தம். டீசல் வேண்டும், ஆனால் படகு தாங்கும் அளவுக்கு எடை குறைவாக வேண்டும். அந்த வேலை நேப்பியர் கம்பெனிக்குப் போனது. ஜெர்மனியின் யுங்கர்ஸ் விமான டீசல்களில் ஒரு யோசனை ஏற்கெனவே இருந்தது: ஒரு சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன், எதிரெதிராக வந்து நடுவில் காற்றை நசுக்கும். மூடி இல்லை, வால்வு இல்லை. நேப்பியர் அந்த என்ஜினின் உரிமத்தைப் போருக்கு முன்பே வாங்கி வைத்திருந்தது. இப்படிப்பட்ட மூன்று சிலிண்டர் வரிசைகளை முக்கோணமாக அடுக்கி, மூன்று மூலைகளிலும் ஒவ்வொரு கிராங்க் தண்டு (பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) வைத்தால் பக்கத்துப் பக்கத்து வரிசைகள் தண்டைப் பகிர்ந்துகொள்ளும், எடை மிச்சம்.

கேட்க எளிது. ஆனால் மூன்று தண்டும் ஒரே திசையில் சுற்றினால் பிஸ்டன்களின் நேரக்கணக்கு ஒரு மூலையில் இடித்தது. கடற்படைப் பொறியியல் ஆய்வகத்தில் வரைவாளராக இருந்த ஹெர்பர்ட் பென்வார்டன், ஒரு தண்டை மட்டும் எதிர்த்திசையில் சுற்றவிடுங்கள் என்றார். முடிச்சு அவிழ்ந்தது. தலைகீழாக நிற்கும் இந்த முக்கோணம் கிரேக்க எழுத்தான டெல்டாவைப் போல இருப்பதால் டெல்டிக் என்ற பெயர்.

லோகோவில் இருப்பது 18 சிலிண்டர், 36 பிஸ்டன் கொண்ட வகை. ஒவ்வொன்றும் 1650 குதிரைத்திறன். அப்படி இரண்டு. அதாவது நீங்கள் ஏறி உட்காரும் ரயிலுக்கு முன்னால் 72 பிஸ்டன் ஓடிக்கொண்டிருக்கிறது.

சத்தம் வேறு மாதிரி இருக்கிறதே, ஏன்?

இதற்குச் சின்னக் கணக்கு போதும். நேப்பியர் என்ஜின் இரண்டு ஸ்ட்ரோக். கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். முழு வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. 18 சிலிண்டர் என்றால் நொடிக்கு 450 வெடிப்பு. நம் ஊரில் பல வருடம் ஓடிய டபிள்யூடிஎம்-2 லோகோவின் ஆல்கோ என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 16 சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், முழு வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்று. நொடிக்குச் சுமார் 133 வெடிப்பு. ஆல்கோ 'டக் டக் டக்' என்று எண்ணக்கூடிய மாதிரி போகும். டெல்டிக்கில் எண்ணமுடியாது. எல்லாம் சேர்ந்து ஒரே ரீங்காரமாகிவிடும். தம்புராச் சுருதி போலத் தொடங்கி, லீவரைத் தள்ளத் தள்ள மேலே ஏறும். இரண்டு என்ஜினும் ஒரே வேகத்தில் துல்லியமாக ஓடாததால் இரண்டு சுருதிக்கும் நடுவே ஒரு அலையடிப்பு கேட்கும். வீணை மீட்டத் தெரிந்த என் அத்தை ஒருவர் ஒரு முறை கூட வந்தார். "இது ரெண்டும் சேரலையேடா, யாராவது பிருடையைத் திருப்பக்கூடாதா?" என்று கேட்டார். அத்தைக்குச் சரியான காது.

'அலிசைடன்' என்று பெயர்ப்பலகை இருக்கிறதே, யார் அவர்?

குதிரை. 1949-இல் ஆஸ்கட் தங்கக் கோப்பை, குட்வுட் கோப்பை, டான்காஸ்டர் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற பந்தயக் குதிரை. லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் ஷெட்டின் டெல்டிக்குகளுக்குக் குதிரைப் பெயர்கள்: கிரெபெல்லோ, பின்சா, நிம்பஸ், துல்யார், இப்படி. வடக்கே கேட்ஸ்ஹெட், ஹேமார்க்கெட் ஷெட்டுகளின் லோகோக்களுக்கு ராணுவப் படைப்பிரிவுகளின் பெயர். குதிரைகளில் மெல்ட் என்ற பெண்குதிரை அலிசைடனின் மகள். மெல்ட் பெயரில் ஓடிய லோகோ பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. அப்பன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான்.

அலிசைடனின் எண்ணைக் கேட்டுக் குழம்பவேண்டாம். டி9009, 55 009 இரண்டும் ஒரே லோகோ. 1970-களில் கணினிக் கணக்குக்காக எண் முறையை மாற்றினார்கள். எந்த வண்ணம் பூசியிருக்கிறதோ அந்தக் காலத்து எண்ணைப் போடுவது வழக்கம்: பச்சை என்றால் பழைய எண், நீலம் என்றால் புதியது.

மொத்தம் எத்தனை மிச்சம் இருக்கிறது?

22-இல் ஆறு. சோதனை லோகோவும் தேசியச் சேகரிப்பில் இருக்கிறது. 1970-களின் முடிவில் அதிவேக டீசல் ரயில்கள் வந்ததும் டெல்டிக்குகள் தபால் வண்டிக்கும் நின்று நின்று போகும் வண்டிக்கும் இறக்கப்பட்டன. 1982 ஜனவரி 2 அன்று கடைசிப் பயணம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோவுக்குத் துல்யார் இழுத்தது, திரும்பி வரும்போது ராயல் ஸ்காட்ஸ் கிரே. அந்தக் காலத்தில் நீராவி லோகோவைக் காப்பாற்றுவது சரி, டீசலைப் போய் யார் காப்பாற்றுவார்கள் என்று சிரித்தவர்கள் நிறைய. டெல்டிக் பாதுகாப்புச் சங்கம் 1977-லேயே தொடங்கி, சந்தா சேர்த்து, அலிசைடனையும் ராயல் ஹைலேண்ட் ஃபியூசிலியரையும் வாங்கியது. இரண்டும் முதலில் போய்ச் சேர்ந்த இடம் வடக்கு யார்க்‌ஷயர் மூர்ஸ் பாதை. பிறகு துல்யாரும் அந்தச் சங்கத்திடமே வந்தது. இப்போது செஸ்டர்ஃபீல்டு பக்கம் பாரோ ஹில்லில் சங்கத்துக்கென்று சொந்த ஷெட் இருக்கிறது.

லோகோ எப்படி இங்கே வந்து சேர்கிறது?

இரண்டு வழி. ஒன்று தண்டவாளம். பாரம்பரியப் பாதை தேசிய ரயில் வலையோடு இணைந்திருந்தால் (கிடர்மின்ஸ்டரிலும் குரோஸ்மண்டிலும் இணைப்பு உண்டு) லோகோ ரயிலாகவே வரலாம். சொந்தச் சக்தியில் முக்கியப் பாதையில் ஓட வேண்டுமானால் எச்சரிக்கைக் கருவி, தரவுப் பதிவுப் பெட்டி, ரேடியோ என்று இன்றைய சாமான் எல்லாம் பொருத்தி, சான்றிதழும் வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு லோகோ இழுத்து வரும். அப்படி இழுபட்டு வருவதற்கும் சக்கரம், பிரேக் எல்லாம் பார்த்து ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும்.

இன்னொன்று சாலை. வரிசை வரிசையாகச் சக்கரம் வைத்த தாழ்ந்த டிரெய்லரில் ஏற்றி வருவார்கள். 99 டன் லோகோவோடு டிரெய்லர் எடையும் சேர்ந்தால் எந்தப் பாலம் தாங்கும், எந்த ரவுண்டானாவில் திரும்பும் என்று வழி முழுவதும் பார்த்து, காவல்துறைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். செலவும் கொஞ்ச நஞ்சமில்லை. அதனால்தான் ஒரு பாதையில் காலா முடிந்ததும் சில வாரம் அங்கேயே இருந்து, அடுத்த ஊருக்கு அப்படியே போய்விடும். கோடைகாலக் கச்சேரிச் சுற்றுப்பயணம் மாதிரி.

லோகோ இறங்குவதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். டிரெய்லரின் வாலில் சரிவாகத் தண்டவாளம் மாட்டி, வின்ச் கயிற்றில் அங்குலம் அங்குலமாக விடுவார்கள். அந்த அரை மணி நேரம் யாரும் பேசுவதில்லை.

வந்ததும் ரயிலில் மாட்டி ஓட்டிவிடலாமா?

கூடாது. அச்சுக்குப் பதினாறரை டன். பெரிய பாரம்பரியப் பாதைகள் அதைத் தாங்கும். ஆனாலும் வளைவுகளையும் நடைமேடை விளிம்புகளையும் ஏற்கெனவே அளந்து சரிபார்த்திருப்பார்கள். பிறகு சக்கர விளிம்பு, பிரேக் கட்டைகள், இணைப்புக் கொக்கி, தீயணைப்பு அமைப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பிரேக் விஷயத்தில் டெல்டிக் நல்ல விருந்தாளி. பழைய பெட்டிகள் பெரும்பாலும் வெற்றிட பிரேக்கில் ஓடுபவை. டெல்டிக் வெற்றிடத்தோடு பிறந்து பின்னால் காற்று பிரேக்கும் பொருத்திக்கொண்டதால் எந்தப் பெட்டியோடும் ஒத்துப்போகும்.

அப்புறம் சூடேற்றல். இந்த என்ஜினைக் குளிர்ந்த நிலையில் தட்டி எழுப்புவது பாவம். குளிர்நீரைச் சூடுபடுத்திய பிறகே கிளப்புவார்கள். காலை எட்டு மணி ரயிலுக்கு விடியற்காலையிலேயே யாரோ ஒருவர் ஃபிளாஸ்க் டீயோடு ஷெட்டில் நிற்கிறார் என்று அர்த்தம்.

ஓட்டுவது யார்?

பெரும்பாலும் அந்தப் பாதையின் சொந்த டிரைவர். மேடு பள்ளம், சிக்னல் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். லோகோவின் குணம் தெரிந்தவர் உரிமையாளர் சங்கத்திலிருந்து கூடவே ஏறுவார். ஓட்ட மாட்டார், ஆனால் என்ஜின் அறைக்குள் போய் வருவது, அழுத்தமானிகளைப் பார்ப்பது, தேவைப்பட்டால் "நிறுத்து" என்று சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணோடு துணைக்கு வரும் அத்தை மாதிரி என்று நான் சொல்வேன். ஒற்றைத் தண்டவாளமாக இருந்தால் டிரைவர் கையில் டோக்கன் இருக்கும். அது இல்லாமல் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. இதுமட்டும் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை.

100 மைல் வேகத்தில் ஓடிய லோகோவை 25 மைல் வேகத்தில் ஓட்டுவது அவமானம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. நானும் முதல் வருடம் கேட்டேன்.

பாரம்பரியப் பாதைகள் பொதுவாக 1896-ஆம் வருடத்து இலகுரக ரயில்பாதைச் சட்டத்தின் வழிவந்த அனுமதியில் ஓடுபவை. மணிக்கு 25 மைல்தான் வரம்பு, அதாவது 40 கிலோமீட்டர். மதுரைக்குள் ஓடும் டவுன் பஸ் வேகம்.

வேகத்தைப் பார்க்க வந்தால் ஏமாற்றம்தான். ஆனால் நின்ற இடத்திலிருந்து பாரத்தைக் கிளப்பும்போது என்ஜின் உழைக்கும் உழைப்பு, 25 மைல் பாதையிலும் 100 மைல் பாதையிலும் ஒன்றேதான். முக்கியப் பாதையில் அந்த நிமிடம் லண்டனில் ஒருமுறை, யார்க்கில் ஒருமுறை வரும். இங்கே நாலு மைலுக்கு ஒரு ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் அதே கிளம்பல். வடக்கு யார்க்‌ஷயரில் குரோஸ்மண்டை விட்டதும் கோத்லாண்ட் வரை 49 அடிக்கு 1 அடி ஏற்றம். மழை பெய்து தண்டவாளம் ஈரமாக இருக்கும் நாளில் அந்த ஏற்றத்தில் முதல் பெட்டியில் இருந்தால், 25 மைல் வேகம் என்பதே மறந்துபோகும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் சும்மா முனகிக்கொண்டே நின்றாலும், பாரமே இல்லாமல் ஓடினாலும், எரியாத மசகெண்ணெய் புகைக்குழாய்க் கலத்தில் தேங்கும். அதனால் தெரிந்தவர்கள் இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, பெட்டிகளை அதிகமாக மாட்டி லோகோவுக்கு வேலை கொடுப்பது. இரண்டு, ஒரு என்ஜினை அணைத்துவிட்டு இன்னொன்றில் மட்டும் ஓட்டுவது. ஒவ்வொரு என்ஜினும் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும், அந்த மின்சாரம்தான் சக்கரங்களை ஓட்டும். இரண்டு ஜெனரேட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால் ஒன்று நின்றாலும் இழுக்கும் விசை குறைவதில்லை, எட்டும் வேகம்தான் பாதியாகும். 25 மைலுக்கு அந்தப் பாதியே அதிகம். கடைசி வண்டிக்கு இரண்டையும் போடுவார்கள், அது கூட்டத்துக்காக.

கிளம்பும்போது ஏன் இவ்வளவு புகை? தீப்பிடித்ததா?

மேலே சொன்ன தேங்கிய எண்ணெய்தான். வெளிர்நீலமாக, நடைமேடையே மறையும் அளவுக்கு வரும். கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனின் கூரைக்கடியில் இருபது வருடம் இதுதான் காட்சி. இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். எப்போதாவது உள்ளே தேங்கியது பற்றிக்கொண்டு மேலே தீ நாக்கும் தெரியும். வெள்ளைச் சட்டை போட்டு வராதீர்கள்.

எந்தப் பெட்டியில் உட்காருவது?

லோகோவுக்கு அடுத்த பெட்டி. அதற்குத்தான் போட்டியும். லோகோ ஒவ்வொரு முனையிலும் கழன்று மறுமுனைக்கு ஓடி மாட்டிக்கொள்ளும். அதனால் போகும்போது முன்பெட்டியாக இருந்தது வரும்போது கடைசிப் பெட்டி. பழக்கப்பட்டவர்கள் ஸ்டேஷனில் இறங்கி ஒரே ஓட்டமாக மறுமுனைக்கு ஓடுவதைப் பார்ப்பீர்கள், ஐம்பது வயது மனிதர்கள் பலகாரப் பையோடு. பெட்டி எது கிடைத்தாலும் ஜன்னலை இறக்கிவிட்டுக் காது கொடுங்கள், தலையை வெளியே நீட்டாதீர்கள். பழைய பாதைகளில் பாலத் தூண்களும் மரக்கிளைகளும் பெட்டிக்கு மிக நெருக்கம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா என்பதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக. காதுமூடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நீராவி லோகோ இருக்கும்போது டீசலுக்கு எங்கிருந்து இத்தனை கூட்டம்?

நீராவியைப் பார்க்கக் குடும்பங்கள் வரும். ஒருமுறை போய்த் திரும்பி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். டீசல் காலாவுக்கு வருபவர் நாள் முழுதும் செல்லும் டிக்கெட் எடுத்து, காலை முதல் வண்டியிலிருந்து இரவு கடைசி வண்டி வரை இறங்கமாட்டார். அவருடைய பள்ளிக்கூட வயது 1970-களில் கழிந்தது. நீராவி அவர் பிறப்பதற்கு முன்னாலோ, அவருக்கு நினைவு தெரிவதற்குள்ளோ போய்விட்டது. நடைமேடை ஓரத்தில் நோட்டும் பேனாவுமாக அவர் காத்திருந்தது இந்த நீல லோகோக்களுக்காக. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப்பாருங்கள். எந்த வருடம், எந்த எண், எத்தனை நிமிடம் தாமதம் எல்லாம் சொல்வார். மனைவி பிறந்தநாளைக் கேட்காதீர்கள்.

நடுவழியில் பழுதானால்?

ஆகும். ஒருமுறை நான் போன இடத்தில் விருந்தாளி இரண்டாவது வண்டியிலேயே குளிர்நீரைக் கொட்டிவிட்டு நின்றது. மூன்று மணி நேரப் பயணம் செய்து வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அந்தப் பாதையின் சொந்த லோகோ வந்து இழுத்துப் போயிற்று. காசு திரும்பக் கிடைக்காது. எந்தக் குறிப்பிட்ட லோகோவுக்கும் உறுதி இல்லை என்று டிக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கும். விருந்தாளி வரும் காலாவில் குறைந்தது இரண்டு நாளுக்கான பயணத்தைத் திட்டமிடுங்கள் என்பதுதான் நான் தரும் யோசனை. முதல் நாள் நின்றது இரண்டாம் நாள் ஓடியிருக்கிறது.

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பேசாமல் மியூசியத்தில் நிறுத்திவிடலாமே?

நிறுத்தியும் இருக்கிறார்கள். ஆறில் ஒன்றான டி9002 யார்க் தேசிய ரயில் மியூசியத்துக்குச் சொந்தம். போய்ப் பார்க்கலாம், அழகாக இருக்கும். ஒன்றும் கேட்காது.

ஓடும் லோகோவுக்கு விலை உண்டு. நேப்பியர் என்ஜினை ரயில்வே காலத்திலேயே லோகோவுக்குள் வைத்துப் பழுதுபார்க்கவில்லை. முழுசாகத் தூக்கி வெளியே எடுத்து, வேறொன்றை இறக்குவார்கள். கழற்றியது முதலில் லிவர்பூலில் நேப்பியரிடம் போகும், பிற்காலத்தில் டான்காஸ்டர் பணிமனைக்கு. அந்தப் பணிமனை, அந்தக் கைகள், அந்த உதிரிபாகம் இன்று இல்லை. புதிதாக யாரும் செய்வதும் இல்லை. உரிமையாளர்கள் அன்றைக்கே வாங்கிப் போட்ட உதிரி என்ஜின்களும், கடற்படைப் பக்கமிருந்து கிடைத்தவையும்தான் கையிருப்பு. ஆகவே ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் பானையிலிருந்து அள்ளும் ஒரு ஆழாக்கு. திரும்ப நிரப்ப வழியில்லை. ஷெட்டில் என்ஜின் மணிக்கணக்கை நோட்டில் எழுதுபவரைப் பார்த்தால் ரேஷன் கடைக்காரர் ஞாபகம் வரும்.

இது தெரிந்துதான் அனுப்புகிறார்கள். வருடத்துக்கு இத்தனை நாள், அதற்கு மேல் இல்லை என்று கணக்கு வைத்து, எந்தப் பாதையில் ஏற்றம் நன்றாக இருக்கிறது, எங்கே பெட்டி அதிகம் மாட்டுவார்கள் என்று பார்த்து ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியான முடிவாகத்தான் தெரிகிறது. ராயல் ஸ்காட்ஸ் கிரே 2011-இல் வடகிழக்குக் கடற்கரையில் அலுமினியத் தொழிற்சாலைக்குச் சரக்கு இழுக்கக் கூலிக்குப் போனபோது, ஐம்பது வயதுப் பந்தயக் குதிரையை வண்டியில் பூட்டுவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். போய்ப் பார்த்தவர்கள் முணுமுணுக்கவில்லை.

நம் ஊருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

டெல்டிக் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனால் அது கட்டப்பட்ட வல்கன் ஃபவுண்டரி, லங்காஷயரின் நியூட்டன்-லெ-வில்லோஸில் இருந்தது. 1853-இல் பம்பாயிலிருந்து தாணேவுக்குப் போன இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலுக்கு நீராவி லோகோ செய்து அனுப்பியதும் அதே பட்டறைதான்.

கடைசி வண்டிக்குப் பிறகு நின்று பார்க்கலாமா?

ஷெட் வாசல் வரை அனுமதித்தால் கட்டாயம் நில்லுங்கள். ஓடிவந்த சூட்டோடு உடனே அணைக்கமாட்டார்கள், சற்று நேரம் முனகவிடுவார்கள். பிறகு ஒரு என்ஜின் நிற்கும். சுருதி ஒன்றாகும், அந்த அலையடிப்பு போய்விடும். அப்புறம் இரண்டாவது. அதன் பிறகு உலோகம் ஆறும் 'டிக், டிக்' சத்தமும், கீழே வைத்த தகர டிரேயில் எண்ணெய் சொட்டுவதும் மட்டும் கேட்கும். யாரோ ஒருவர் டார்ச் அடித்து மணிக்கணக்கைப் படிப்பார், இன்னொருவர் நோட்டில் எழுதிக்கொள்வார். கேன்டீன் அதற்குள் மூடியிருக்கும், அதனால் சாப்பாட்டை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.